படத்துக்கு வெளியே நின்றவர்

கைத்தொலைபேசியில் படம் எடுக்கும் பிள்ளைகள் சிலர் கொழும்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மழை என்றால் காலிமுகத்திடல், வெயில் என்றால் புறக்கோட்டை என்று ஞாயிறுதோறும் திரிகிறவர்கள். அவர்களில் ஒருவருக்குப் பழைய புத்தகக் கடையொன்றில் ‘ஒளிக்கூடு’ இதழ்கள் ஒரு கட்டாகக் கிடைத்திருக்கின்றன. அட்டைகளையெல்லாம் குழுவில் போட்டுவிட்டு, அங்கே விசாரித்து இங்கே விசாரித்து என்னுடைய இலக்கத்தையும் பிடித்துவிட்டார்.

“ரெஜினா அக்கா, மற்ற எல்லா அட்டையிலயும் ‘படம்: இன்னார்’ எண்டு ஒரு வரிதான் இருக்கு. இந்த ரயில் அட்டையில மட்டும் ரெண்டாவது வரி ஒண்டு கிடக்கு. ‘படத்துக்கு வெளியே நின்றவர்: சோதி மாஸ்டர்’ எண்டு. அது ஆர்? வெளியில நிக்கிறவருக்கு ஏன் பேர் போட்டனீங்கள்?”

சொல்கிறேன் என்றேன். எழுதித் தாருங்கள் என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். படித்ததெல்லாம் மற்றவர்கள் கதைப்பதைக் கேட்டுப் படித்ததுதான். ஆகவே இதையும் கதைப்பது மாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

‘ஒளிக்கூடு’ பிறந்த இடம் வெள்ளவத்தையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மேல்மாடி. கடை மன்சூர் நானாவுடையது. கீழே கண் பரிசோதனை, மேலே சஞ்சிகை. கமரா வைத்திருந்த தமிழ்ச் சனத்துக்கு, அதுவும் தொழிலாக இல்லாமல் ஆசைக்குப் படம் எடுத்தவர்களுக்கு, ஒரு பத்திரிகை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “ஆளுகளுக்கு நல்லாத் தெரியிறதுக்குக் கண்ணாடி போட்டுக் குடுக்கிறன். அதுக்குப் பொறகு அவங்க என்னத்தப் பாக்கிறாங்கண்டு எனக்குத் தெரிய வாணாமா?” என்றார். நானாவின் பதில்கள் அப்படித்தான். கேட்டவர் அடுத்த கேள்வியை மறந்துவிடுவார்.

நான் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. கடைக்குக் கூட்டித் துடைக்க வந்து, கடித உறை ஒட்டி, பிறகு பிலிம் கழுவி, பக்கம் கட்டி, கடைசியில் துணை ஆசிரியர் என்று பெயர் அச்சாகுமளவுக்கு வந்தேன். அந்த ஏற்றம் எத்தனை வருடம், எத்தனை ஏச்சு என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். வேலை நடந்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

தபாலில் படம் வரும். முதுகில் இலக்கம் போடுவேன், பென்சிலால், பூனை நடப்பது மாதிரி மெதுவாக. பேனாவால் அழுத்தினால் முகத்தில் தழும்பு தெரியும். ஞாயிறு காலை கடை பூட்டியிருக்கும். கண்ணாடி விற்கிற மேசையில் எல்லாவற்றையும் பரப்புவேன். நானா கண் பரிசோதிக்கிற வில்லையொன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு படத்தின் மேலும் குனிந்து பார்ப்பார். நல்லது என்றோ கூடாது என்றோ அவர் வாயில் வராது. மூக்குக்கண்ணாடிக்கு எழுதும் சீட்டில் வலது கண், இடது கண் என்று இரண்டு கட்டம் இருக்குமே, அதிலேதான் எழுதுவார். பிடித்ததை வலது கண்ணில், பிடிக்காததை இடது கண்ணில். அடியில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: “இதுக்கு வெளியே என்ன இருந்தது?” படத்தோடு அந்தச் சீட்டும் சொந்தக்காரருக்குத் திரும்பிப் போகும். வாசகர்கள் அதைக் ‘கண் சீட்டு’ என்பார்கள். படம் அச்சில் வராவிட்டாலும் பரவாயில்லை, கண் சீட்டு வரவேண்டும் என்று அனுப்பியவர்கள் இருந்தார்கள்.

எல்லோரிடமும் கமரா இருக்கவில்லை. அவர்களுக்காக நானா ஒரு கமராவைப் பொதுவில் விட்டிருந்தார். இரவல் கமரா என்று பெயர். ஒரு ரோலில் முப்பத்தாறு படம். பிலிம் விலைக்கு அதை ஒருவருக்கே கொடுத்துவிட முடியாது. ஆகவே ஒரு ரோல் இரண்டு பேருக்கு. முதலாமவர் பதினெட்டு எடுத்துவிட்டு அடுத்தவரிடம் நேரில் கொடுக்க வேண்டும். அந்தக் கமராவில் எத்தனையாவது படம் என்று காட்டுகிற இலக்கச் சில்லு எப்போதோ செத்துப் போயிருந்தது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கமராவை வாங்கியவர் தன்னுடைய இடது கையை விரித்து, முதல் படமாக அதை எடுக்க வேண்டும். கழுவிப் பார்க்கும்போது கை தெரிந்த இடத்திலிருந்து அவருடைய எல்லை. வளையல் கை, மோதிரக் கை, மருதோன்றிக் கை, ஒரு தச்சரின் கட்டைவிரல் இல்லாத கை என்று எத்தனையோ பேரை நான் முகம் பார்க்காமல் கையால் அறிந்திருந்தேன்.

அந்த வழக்கத்தை நிறுத்தியது நான்தான். இரண்டு பேரின் கைக்கு இரண்டு படம் வீண்போகிறதே என்று கணக்குப் பார்த்தேன். மனத்தில் எண்ணிக்கொண்டு ஆளுக்குப் பதினெட்டு எடுங்கள், போதும் என்று சொல்லிவிட்டேன். அதோடு நிற்கவுமில்லை. இருட்டறையில் வைத்து ரோலைப் போடுவேன். அப்படிப் போட்டால் முன்னால் வெளிச்சம் பட்டு வீணாகும் துண்டு மிஞ்சி, முப்பத்தாறு முப்பத்தேழாகும். நானாவிடம் பெருமையடித்தேன். “கெட்டிக்காரிதான்,” என்றார். “ஆனா ரெஜினா, கை ஒரு வேலைக்காகத்தானே இருந்திச்சு.” கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

போர்நிறுத்தம் வந்து சோதனைச்சாவடிகள் தளர்ந்து, கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனாலும் யாரும் மறித்துக் கேட்காத அந்தச் சில வருடங்களில் நடந்தது இது.

அந்த முறை ரோலில் முதலாவது பாக்கியம். ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, காலி வீதியில் ஒரு சேலைக் கடையில் நின்றுகொண்டு வேலை செய்த பெண். இருபத்துமூன்று வயது, என் தோளுக்குக் கொஞ்சம் கீழே நிற்பாள். கால் நரம்பு வீங்கிப் போயிருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோக்காரர் முஸ்லிம் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்க ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். பாக்கியம் போய்க் கேட்டிருக்கிறாள். “ஒங்க பேர் போட்டு அச்சில வந்தது ஏதாவது ஒண்டு கொண்டு வாங்க. நோன்பு முடிய முந்திக் கொண்டு வாங்க. பொறகு பாப்பம்,” என்று சொல்லியிருந்தார். பெருநாள் கழிந்தால் கலியாணங்கள் தொடங்கிவிடும். அதற்குள் அவருக்கு ஆள் வேண்டும். நோன்பு முடிவதற்குள் எங்களுக்கு வரவிருந்தது ஒரே ஒரு இதழ்.

இரண்டாவது சோதி மாஸ்டர். பம்பலப்பிட்டியில் கணித ரியூசன் நடத்தியவர். ஆறடிக்குக் குறையாத மனிதர். நானாவிடம்தான் கண்ணாடி போட்டிருந்தார். பதினொரு வருடமாகப் படம் அனுப்புகிறார். உள்ளே மூலையில் சின்னதாக நாலைந்து வந்திருக்கின்றன. அட்டைக்கு ஒன்றும் வரவில்லை. “நானா, என்ட சடலத்தை எண்டாலும் ஒருக்கா அட்டையில போடுங்கோ,” என்று பகிடி விடுவார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனாலும் சொல்லாமல் போகமாட்டார்.

ரோல் வந்தது, கழுவினேன். எல்லாப் படத்தையும் ஒரே தாளில் சின்னச் சின்னதாக அச்சிட்டுப் பார்த்தேன். நடுவில் ஒன்று. இருவரும் கமராவைக் கைமாற்றிக்கொண்ட வெள்ளவத்தைக் கடலோரம், மழைக்காலக் காலை. இடது பக்கத்திலிருந்து கோட்டைக்குப் போகும் ரயில் வருகிறது, வாசலெல்லாம் சனம். ரயிலுக்கு அந்தப் பக்கம் அலை பாறையில் அடித்து, கூரைக்கு மேலால் எழும்பி விழுகிறது. இந்தப் பக்க வாசலில் ஒற்றைக் கையால் தொங்குகிற ஒரு மனிதர், மற்றக் கையால் குடையை விரித்திருக்கிறார். ஓடுகிற ரயிலில், வெளியே தொங்கிக்கொண்டு, குடை! பின்னால் நிற்கிறவர்கள் வாய் திறந்து சிரிக்கிறார்கள். இன்னும் ரயில் வந்து சேராத வலது பக்கத்தில் ஒரு பழைய தண்டவாளத் துண்டை நட்ட கம்பமும், அதன் பின்னால் கடல் கோடும்.

நானா வில்லையை வைத்துப் பார்த்துவிட்டு, கண் சீட்டை எடுக்கவில்லை. “அட்டை,” என்றார். அந்த ஒரு சொல்தான்.

அதற்கு அடுத்த படம் வெறும் தண்டவாளமும் ஈரமும். அதற்குப் பிறகெல்லாம் மாஸ்டருடைய பம்பலப்பிட்டிப் படங்கள். ஆகவே இதுவும் மாஸ்டருடையதுதான் என்று நானே முடிவு கட்டினேன். முடிவு கட்டியது மட்டுமா, தொலைபேசியும் எடுத்துவிட்டேன்.

“மாஸ்டர், உங்கட படம் அட்டையில வருது. குடைக்காரன்!”

“குடைக்காரனோ? ஓம், ஓம். பாத்தனான். எடுத்தனான்,” என்றார். அன்று பின்னேரம் ரியூசன் பிள்ளைகளுக்கெல்லாம் ரொபி மிட்டாய் வாங்கிக் கொடுத்ததாகப் பிறகு அறிந்தேன்.

இரண்டாம் நாள் பாக்கியம் தன்னுடைய படங்களைப் பார்க்க வந்தாள். தாளில் விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனவள் குடைக்காரனில் நின்றாள். “இது நல்லா விழுந்திருக்குங்கக்கா. கைய நடுங்கவிட்டுட்டேனோன்னு பயந்துகிட்டே இருந்தேன்.”

தாளை என் பக்கம் இழுத்தேன். “பாக்கியம், இது மாஸ்டர்ட படம் இல்லையா?”

“இல்லங்கக்கா. நான் எடுத்துட்டுத்தானே அவருகிட்ட குடுத்தேன். இதான் என் கடைசி.”

எண்ணிப் பார்த்தேன். குடைக்காரனுக்கு முன்னால் பதினெட்டு. பின்னால் பதினெட்டு. நடுவில் நிற்கிறது நான் மிச்சம் பிடித்த அந்தக் கூடுதல் படம்; இருவரில் யாரோ எண்ணிக்கையில் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறார். கை இருந்திருந்தால் ஒரு வார்த்தை கதைக்கத் தேவையில்லை.

அடுத்த நாள் இருவரையும் நானா கூப்பிட்டார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, அதுதான் கஷ்டம். கண்ணில் வைத்துப் பார்க்கும் அந்த வகைக் கமராவில், விசையை அழுத்தும் கணத்தில் உள்ளே ஒரு கண்ணாடி மேலே எழும்பும். பார்ப்பவருக்கு ஓர் இமைப்பொழுது எல்லாம் இருட்டு. எடுத்தவர் காணாத ஒரே கணம், எடுத்த கணம்தான். ஆகவே கண்டதையே எடுத்ததாகவும் நினைத்துவிடலாம்.

“நான் கமராவை வாங்கினன், குடையைக் கண்டன், அமத்தினன். பிறகு இன்னொருக்கா அமத்தினன், அது வெறும் தண்டவாளம்,” என்றார் மாஸ்டர். “பிள்ளை, நீர் எனக்குத் தரேக்குள்ள ரயில் வந்துகொண்டிருந்தது. இல்லையோ?”

“வந்துகிட்டுத்தான் இருந்திச்சு சேர். நான் அடிச்சிட்டுக் குடுத்தேங்க.”

“நீர் பதினெட்டை எண்ணினீரோ?”

“எண்ணினேங்க சேர். நீங்க?”

“கணக்கு வாத்தியிட்டக் கேக்கிறீர்!”

இருவருமே சிரித்துவிட்டார்கள். சிரித்து முடிந்ததும் முன்னைவிட மோசமாக இருந்தது. பாக்கியம் ஸ்டூடியோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் பிறகு நானாவிடம் சொன்னேன். “அது எங்களுக்குத் தேவல்ல ரெஜினா,” என்றார். “வேல வேணுமெண்டதுக்காகப் படம் ஒரு ஆள்ட ஆகுமா? பதினொரு வருஷம் காத்துக்கிட்டு ஈக்கிறதுக்காகவும் ஆகாது. படத்துக்கிட்டக் கேப்பம்.”

கொட்டாஞ்சேனை அச்சகத்தில் அட்டைக்கு நாள் நெருங்கியிருந்தது. போர்மன் பெர்னாந்து அண்ணனிடம் போய் நாலு நாள் கெஞ்சி வாங்கி வந்தேன். “திங்கக்கிழம காலம, தங்கச்சி. மெஷின் ஓடத் தொடங்கினா அந்தோனியார் வந்து சொன்னாலும் நிப்பாட்ட மாட்டன்,” என்றார்.

அந்த நாலு நாளும் நானா படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். வாடிக்கையாளருக்குக் கண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துப் பார்ப்பார். சனிக்கிழமை திடீரென்று என்னைக் கூப்பிட்டுக் கம்பத்தைக் காட்டினார். கம்பத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு ஆணித்துளைகள். கடல் கோடு கீழ்த் துளையைச் சரியாகத் தொட்டுக்கொண்டு போகிறது.

“கடல் கோடு எப்பவும் பாக்கிறவன்ட கண் மட்டத்திலதான் நிக்கும். நீங்க நிண்டா ஒங்கட மட்டம், நான் நிண்டா என்ட மட்டம். சமமான நிலத்தில நட்ட கம்பத்தில அது எங்க வெட்டுதோ, அதுதான் படம் எடுத்த கண்ட உயரம். விளங்கிச்சா?”

விளங்கவில்லை. விளங்கிற்று என்றேன்.

ஞாயிறு காலை நாலு பேரும் தண்டவாள ஓரத்துக்குப் போனோம். நான் அடையாளம் போட வெண்கட்டியோடு கம்பத்தடியில். நானா படத்தைப் பார்த்துப் பார்த்து, முன்னே ஒரு அடி, பக்கத்தில் இரண்டு அடி என்று நகர்ந்து, படம் எடுத்த இடத்தில் ஒரு கல்லை வைத்தார். முதலில் பாக்கியத்தை நிறுத்தி, கமராவைக் கண்ணில் வைக்கச் சொன்னார். “கடல் கோடு கம்பத்தில எங்க படுது? ரெஜினாட கைய நிப்பாட்டுங்க.”

“மேல அக்கா... கொஞ்சம் கீழ... அங்கதாங்க.”

வெண்கட்டி கீழ்த் துளையில் நின்றது.

தண்டவாளத்தில் நடந்து வந்த ரயில்வேக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். மன்சூர் நானாவை அவருக்குத் தெரியும் போல. “மாத்தயா, கணுவட்டத் கண்ணாடி தானவாத?” என்று கேட்டார். கம்பத்துக்கும் கண்ணாடி போடுகிறீர்களா என்று. நானா திரும்பாமலே சிங்களத்தில், “ஓவ், ஏகட்ட துர பேன்னே நே,” என்றார். ஓம், அதுக்குத் தூரத்துப் பார்வை இல்லை என்று. மாஸ்டர் கூடச் சிரித்தார்.

பிறகு அவர் போய்க் கல்லடியில் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். கழுத்து வாரைச் சரிசெய்தார். கமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தார்.

“மேல, ரெஜினா. இன்னும் மேல. இன்னும்.” மேல் துளையையும் தாண்டி, நாலு விரல்கடை மேலே போனபிறகு, “ஓம்,” என்றார்.

மாஸ்டர் கமராவை இறக்கவில்லை. நானாதான் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார். “ஒண்டு ஈக்குது மாஸ்டர். உயரமான ஆள் குனிஞ்சு எடுக்கேலும். நீங்க குனிஞ்சு எடுத்தண்டா, இந்தக் கோடு ஒண்டும் செல்லாது. செல்லுங்க, எழுதிக்கொள்றன்.”

அதைக் கேட்டபோது எனக்கு நானா மேல் கோபம் வந்தது. ஒரு வார்த்தை போதும், படம் மாஸ்டருடையதாகிவிடும். அளந்து வந்த அளவையெல்லாம் நானாவே அழித்துவிட்டாரே என்றிருந்தது. பாக்கியம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாஸ்டர் பஸ் ரிக்கற்றொன்றை எடுத்து, பேனாவால் ஏதோ கோடு போட்டுப் பார்த்தார். கம்பம், கடல், கண். ஒரு முறை, இரண்டு முறை. அதைக் கசக்கிப் பையில் போட்டார்.

“நானா, மோட்டச்சைக்கிளால விழுந்த பிறகு இந்த முழங்கால் மடங்கிறேல்ல. கோயில்லயே நான் நிண்டுதான் கும்பிடுறன். முதுகை வளைச்சு நிக்கிற வயசும் இல்ல.” சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். “அண்டைக்கும் நான் இதைக் கழட்டி, வாரைச் சரிபண்ணித்தான் கண்ணில வைச்சிருப்பன். அதுக்குள்ள ரயில் போயிருக்கும். குடையைக் கண்டது வெறுங்கண்ணால. அமத்தினது ஒருக்காத்தான். வெறும் தண்டவாளம்தான் என்ட.”

பாக்கியத்தைப் பார்த்து, “நல்ல படம் பிள்ளை,” என்றார். பிறகு என்னிடம், “நீர் தொலைபேசி எடுக்காட்டி நானும் இப்பிடி நினைச்சிருக்க மாட்டன்,” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். இன்றைக்கும் எனக்கு அது சுடும்.

திரும்பி வரும் வழியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ரியூசன் பிள்ளையளுக்கு நான் இனி என்னத்தைச் சொல்லுறது?”

பாக்கியம்தான் வாயைத் திறந்தாள். “மாஸ்டரு பேரையும் போடுங்க நானா. காலையில அஞ்சு நிமிசம் லேட்டா வரேன்னு போன் பண்ணினாரு. அவருக்காகக் காத்துகிட்டு நின்னதாலதான் அந்த ரயில் எனக்குக் கெடச்சிச்சு.”

நானா நடந்துகொண்டே யோசித்தார். காலி வீதிக்கு ஏறியதும் கண் சீட்டொன்றை எடுத்து, கடை வாசலில் நின்றபடி அந்த இரண்டு வரியையும் எழுதி என்னிடம் தந்தார். முதல் வரி, படம் யாருடையது என்று. இரண்டாவது, வெளியே நின்றவர் யார் என்று. பதினைந்து வருடமாக எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அவர் எழுதிய ஒரே பதில் அதுதான். திங்கட்கிழமை காலை கொட்டாஞ்சேனை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பெர்னாந்து அண்ணன் வாசித்துவிட்டு, “என்ன இது, சாட்சிக் கையெழுத்தா?” என்றார்.

நோன்பு முடிய எட்டு நாள் இருக்கும்போது பாக்கியம் இதழைக் கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனாள். அந்த மனிதரும் இரண்டாவது வரியைக் கேட்டிருக்கிறார். “அவரு என்கூடப் போட்டிக்கு வந்தவருங்க. அவரே சொன்னாரு, என்னோடதுன்னு,” என்றாளாம். “அப்படியெண்டா கட்டாயம் உங்கடதுதான்,” என்று சொல்லி, அடுத்த வாரமே வரச் சொல்லிவிட்டார்.

மாஸ்டரின் படம் பிறகாவது அட்டையில் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. அந்த வெறும் தண்டவாளத்தைப் பின்னட்டையில் போட நானா கேட்டார். “பரிதாபத்துக்குப் போடாதேங்கோ,” என்று மாஸ்டர் மறுத்துவிட்டார். மூன்று வருடத்தில் பிலிம் கழுவுகிற இடங்களும் குறைந்து, ஒளிக்கூடும் நின்றது. நானா மௌத்தாகி, அடக்கம் செய்து வருடங்களாகிவிட்டன. மாஸ்டர் இப்போது மகளோடு கனடாவில். பனி விழுந்தால் ஒரு படம் அனுப்புவார். நானும் வலது கண், இடது கண் என்று எழுதித்தான் பதில் போடுவேன்.

கைப்படத்தை நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். ஆளுக்கொரு படம் வீண்தான். வீணாகட்டும்.

போன மாதம் புது அடையாள அட்டைக்குப் படம் எடுக்க, இப்போது நான் இருக்கிற ஹெந்தளையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஸ்டூடியோ இப்போது பாக்கியத்தினுடையது. அவளுக்குக் கீழே மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். என்னை இருத்தி, நாடியை நிமிர்த்தி, இரண்டு அடித்தாள். நான் எழும்பியதும், அடுத்ததாக ஒரு பெரியவர் வந்து இருப்பதற்கு முன்னால், தன் இடது கையை விரித்துக் கமராவுக்கு முன்னால் பிடித்து ஒரு படம் எடுத்தாள்.

“என்னடி இது? இப்பத்தான் பிலிமே இல்லையே. எல்லாம் அதுக்குள்ளயே இலக்கம் போட்டு வருமே.”

“வருங்கக்கா,” என்றாள், பெரியவருக்கு ஸ்டூலைச் சரிசெய்துகொண்டே. “இருந்தாலும் உங்க படம் எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியணும்.”